அச்சங்குளத்தில் முதல் காட்சி

குமார்,

நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்து இது ஐந்தாவது நாள். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை அப்படியே பார்த்து எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலே வரி. ‘என் மகன் எனக்குப் பார்ப்பதற்காக மட்டும் அனுப்பிய படத்தை, எங்கள் ஊரில் கேபிள் டிவி நடத்தும் சுந்தரம் என் அனுமதி இல்லாமல் எடுத்து ஒளிபரப்பிவிட்டார்.’ கீழே என் கையெழுத்து. அதை நீ ஆங்கிலத்தில் மாற்றி விழாக்காரர்களுக்கு அனுப்புவாய். திருட்டு என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், பட்டியலிலிருந்து எடுத்த படத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். நசீம் சாருக்கு மூச்சு வரும், உனக்கும் வரும். "எம்மா, நாலு வரி எழுத நாலு நாளாம்மா?" என்று நேற்று போனில் கேட்டாயே, அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக, ஊர் வாய்க்கு டீச்சராகக் காலம் தள்ளியவள் நான். எத்தனையோ அதிகாரிகளிடம் அந்தத் தொனியைக் கேட்டு ஓய்வு பெற்றுவிட்டேன். பெற்ற பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

கடிதம் எழுதுகிறேன். ஆனால் நாலு வரியில் முடியாது. முழுவதையும் மொழிபெயர்த்து அனுப்பு, ஒரு வரியைக்கூட விடாதே. நசீம் சாருக்கும் படித்துக் காட்டு. முகம் தெரியாத விழாக்காரர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நானும் இந்த நாலு வருசமாக எவ்வளவோ பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சிவகாசியில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கத்தாருக்குப் போனபோது, எலக்ட்ரீசியன் வேலை என்று சொல்லித்தான் போனாய். கல்யாண மண்டபம் மாதிரி பெரிய பெரிய மண்டபங்களில் விளக்குக் கட்டுகிற கம்பெனி. அங்கே ஒரு சினிமா விழாவுக்கு விளக்குக் கட்டப் போன இடத்தில், மேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்தேன் என்றாய். அவர் டைரக்டர் என்று தெரியாமல் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாயாம். அப்படித்தான் நசீம் சார் நம் வாழ்க்கைக்குள் வந்தார். ஆறு மாதத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவருடைய படத்துக்கு ஒலி பிடிக்கிறவனாகச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்தாய். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் அலைகிற வேலை. உன் அப்பா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. கம்பெனி வேன் ஓட்டுகிறவருக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலைதான் வேலை. நான் மட்டும் பேசினேன். பேசியதற்கு இன்று அனுபவிக்கிறேன்.

பிறகு நம் ஊர்ப் பட்டாசுத் தொழிலாளர்களைப் படம் எடுக்க அவரை இங்கேயே கூட்டி வந்தாய். அரபுக்காரர் வருகிறார் என்றதும் கீழத்தெருவே வாசலில் நின்றது. தங்கச் சங்கிலியும் செண்டு வாசமுமாக ஒருவர் வந்து இறங்குவார் என்று நினைத்தார்கள். வந்தவர் துனிசியாக்காரர், சட்டைக் காலர் பிய்ந்து நூல் தொங்கியது, செருப்புக்கு வார் அறுந்திருந்தது. வந்த மறுநாளே நான்தான் சாத்தூருக்கு ஆள் அனுப்பி அவருக்குச் செருப்பு வாங்கினேன். ஆனி மாதம் வந்தவர் தீபாவளி வரைக்கும் நம் வீட்டு முன்னறையில் இருந்தார். எந்தப் பட்டாசுக் கம்பெனியும் உள்ளே கேமராவை விடவில்லை. அவரும் கெஞ்சவில்லை. காலையில் வேன் வந்து ஆள் ஏற்றுகிற இடத்தில், டீக்கடையில், வீடுகளில் பெண்கள் காகிதக் குழாய் உருட்டுகிற இடத்தில் கேமராவை வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். அவருடைய அப்பா பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக வருவாராம். நம் ஊரில் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னிக்கொண்டு வேனை விட்டு இறங்கும் ஆட்களைப் பார்த்த முதல் நாள் அவர் கேமராவையே எடுக்கவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

முத்துமாரி அந்த மனிதரைப் படுத்திய பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். சரவெடி பின்னுகிறதில் அவள் கைக்கு ஈடு கிடையாது என்று வேனில் எல்லாரும் சொல்வார்கள். வாய்க்கும் ஈடு கிடையாது. "ஏக்கா, இந்த மனுசன் மூணு நாளா என் கையவே படம் புடிக்காரு. மூஞ்சி நல்லா இல்லையாமா, கேட்டுச் சொல்லுங்க" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். நீ அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் கேமராவை நிமிர்த்தி அவள் முகத்துக்கு வைத்தார். அவ்வளவுதான், நிறுத்தாமல் பேசினாள். வேனில் தன்னுடைய சன்னல் சீட்டைப் பற்றித்தான் பேச்சு. பத்து வருசமாக அது தன் இடம் என்றும், ஒருநாள் புதிதாக வந்த பெண் அதில் உட்கார்ந்துவிட்டதால் வேனையே எடுக்க விடாமல் படியில் நின்றதாகவும், காற்று வாங்கிக்கொண்டு போனால்தான் தனக்கு அன்றைக்கு வேலை ஓடும் என்றும் சொன்னாள். படத்தில் அது நாலு நிமிடம் வருகிறது. அதற்கு நடுவில் வேன் ஓட்டுகிற உன் அப்பாவின் பிடரியும் வருகிறது. பதினொரு நாட்டுக்காரர்கள் அவர் பிடரியைப் பார்த்துவிட்டார்கள், முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று அவருக்கு இன்னும் குறைதான்.

நசீம் சார் அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசியதையெல்லாம் நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. முப்பது வயதில் அப்பாவின் சுரங்கத்தைப் பற்றி எடுத்த முதல் படத்துக்கு ஐரோப்பாவில் பெரிய பரிசு கொடுத்தார்களாம். எழுந்து நின்று பத்து நிமிடம் கைதட்டினார்களாம். இரண்டு வருசம் ஊர் ஊராகக் கூப்பிட்டு, கடலைப் பார்த்த அறையில் தங்க வைத்தார்களாம். இரண்டாவது படம் எடுக்கப் பதினொரு வருசம் ஆயிற்று என்றார். ஒவ்வொரு விழாவிலும் ஒரு மேசை போட்டிருப்பார்கள், பணம் கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் பத்து நிமிடத்துக்குள் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். சொல்லி முடித்ததும் கேட்பார்களாம்: இதில் போர் எங்கே, தாடி வைத்தவன் எங்கே, ஓடிப்போகிற பெண் எங்கே. கல்யாண வீட்டில் சமையல்காரர்களாக வந்த அண்ணன் தம்பி இருவரின் சண்டையைப் பற்றி அவர் கதை எழுதியிருந்தார். அது அரபுக் கதை மாதிரி இல்லையே என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரிடமே சொன்னாளாம். சொல்லும்போது அவர் சிரித்தார். நான் தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றேன். அவர் பிறந்த சுரங்க ஊரில் சினிமாக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. முதல் படத்தை அங்கே இன்றுவரை யாரும் திரையில் பார்த்ததில்லை. "ஏம்ப்பா, ஒரு வேட்டியக் கட்டிப் போட்டுக் காட்டலாம்லா, கேளு" என்றேன். முதலில் அந்த விழா, பிறகு இந்த விழா, பிறகு விற்கிறவர்கள் விடவில்லை, பிறகு எல்லாருக்கும் வயதாகிவிட்டது என்று பதில் வந்தது. தன் அப்பாவும் பார்க்கவில்லை என்றார்.

இதைக் கேட்ட நமக்கு, நம் படத்துக்கு இப்படி ஆகாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் என்ன நடந்தது? நீங்கள் போய் ஒரு வருசம் வெட்டி ஒட்டினீர்கள். அடுத்த இரண்டு வருசம் படம் ஊர் சுற்றியது. நீ ஒவ்வொரு ஊரிலிருந்தும் கழுத்தில் அட்டை தொங்க போட்டோ அனுப்பினாய். பனியில் நின்றாய், படகில் நின்றாய், நசீம் சார் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் நின்றார். இங்கே தெருவில் இறங்கினால் என்னை விடுவார் இல்லை. "டீச்சர், எங்க படம் எப்ப வருது?" "டீச்சர், என் சேலைய மாத்திட்டு வந்து நின்னேனே, அது இருக்கா?" என்று குழாயடியிலும் ரேசன் கடையிலும் கேட்டுக் கேட்டு, கடைசியில் நான் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தேன். உன்னைக் கேட்டால் ஒரே பதில். "எம்மா, இந்தியாவுல முதல் தடவை பெரிய விழாவுலதான் காட்டணும். அதுக்கு முன்னால பத்துப் பேரு சேந்து பாத்துட்டாக்கூட முதல் காட்சி போயிரும். போனா எடுத்துக்கிட மாட்டாக." கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் வரைக்கும் சமைத்தவர்கள் வாயில் ஒரு பருக்கை போடக் கூடாது என்கிற மாதிரி ஒரு சட்டம். முதல் வருசம் விழாவுக்கு நாள் கடந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் வருசம் போட்டியில் சேர்த்துக்கொண்டோம், மார்கழியில் காட்டுகிறோம் என்றார்கள். மார்கழிக்கு அப்புறம் ஊருக்கு வரும் என்று நானும் எல்லாரிடமும் சொன்னேன்.

இதற்கு நடுவில் முத்துமாரி போய்விட்டாள். போன வருசம் கார்த்திகையில், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நான் உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய். அது பொய்யான அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு விழாவின் புத்தகத்தில் நம் படத்தைப் பற்றி வந்த பக்கத்தைப் பெருமையாக அனுப்பினாய். ஆங்கிலம் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அதனால் முத்துமாரியின் மகள் கலையரசியிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். காலேஜ் படிக்கிற பிள்ளை, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ‘உலகத்தின் தீபாவளிக்காகத் தன் உயிரைக் கொடுத்த பெண்ணின் கடைசிச் சிரிப்பு’ என்று அதில் போட்டிருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கம்மா காச்சல்லதான செத்துச்சு டீச்சர்?" என்றாள். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்டதற்கு, நான்தான் எழுதிக் கொடுத்தேன், வெடித்துச் செத்தாள் என்று எங்கேயும் எழுதவில்லையே, படிக்கிறவர்கள் அப்படி நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய, அந்த வரியைப் பார்த்துத்தான் இரண்டு விழாக்கள் கூப்பிட்டன என்றாய். நசீம் சாருக்குத் தெரியுமா என்றேன். பேச்சை மாற்றினாய். அரபுக் கதையில் போர் எங்கே என்று அவரிடம் கேட்ட அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பிள்ளை வெளியூரில் இருக்கிறான், மனதை நோகடிக்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். அது என் தப்பு.

என் தப்பு அதோடு தொடங்கவில்லை. நீ எட்டாம் வகுப்புப் படித்தபோது, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பள்ளிக்கூட மைக் செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் சத்துணவு அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். கையில் ஒரு சின்னக் காந்தம். "சத்தம் இதுக்குள்ள இருந்துதாம்மா வருது" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஹெட்மாஸ்டர் வந்து கேட்டபோது, போன வாரம் ரிப்பேர் பார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது சார் என்று சொன்னேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அந்த ரிப்பேர்காரரை அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடவே இல்லை. வழியில் பார்த்தால் அவர் எனக்கு வணக்கம் வைப்பார். யார் தன்னைப் பற்றிச் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. நீ இன்று சுந்தரத்தின் பெயரை எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்த வித்தையை இவன் எங்கே கற்றான் என்று யோசித்தேன். யோசித்த பிறகு கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். விழாக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கட்டும்.

முத்துமாரிக்கு முதல் வருசம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு. படையல் போட்டுச் சாப்பாடு முடிந்து, மத்தியானம் கலையரசி நம் வீட்டுக்கு வந்தாள். தன் அம்மாவின் போட்டோ நாலைந்து இருக்கிறது, குரல் எதிலும் இல்லை, போனில் பேசியதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை என்றாள். "படத்துல பேசுதுன்னு சொன்னாகளே டீச்சர், அத மட்டும் ஒருக்காக் கேட்டுக்கிடவா?" என்றாள். நீ எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் என்று அனுப்பிய லிங்க் என் போனில் இருந்தது. ரகசிய எண்ணும் இருந்தது. உன் அப்பாவும் நானும் அதை ஏற்கெனவே உள்ளங்கை அளவில் பார்த்து, யார் எவர் என்று அடையாளம் தெரியாமல் சண்டை போட்டிருந்தோம். அந்தச் சின்னத் திரையில் அந்தப் பிள்ளைக்கு அவள் அம்மாவைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. சுந்தரத்தைக் கூப்பிட்டு, இதை டிவியில் தெரிகிற மாதிரி செய்யப்பா என்றேன். அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். படத்தில் இருக்கிறவர்கள்தானே, போ என்று சொல்ல முடியுமா? அடுக்களை வரைக்கும் உட்கார்ந்தார்கள், சன்னலில் நின்றார்கள், தெருவில் நின்றார்கள். சுந்தரம் என்னைப் பார்த்தான். "டீச்சர், இம்புட்டுப் பேரு வெயில்ல நிக்காக. நம்ம சேனல்ல விட்டா அவுக அவுக வீட்ல உக்காந்து பாத்துக்கிடுவாக. விடவா?" என்றான்.

அவன் கேட்டான், குமார். கேட்காமல் எடுக்கவில்லை. உன் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். மார்கழிக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த நிமிசத்தில் எனக்கு வந்தது இரக்கம் மட்டும் இல்லை, ஆத்திரமும்தான். நாலு வருசமாக எல்லாருக்கும் பதில் சொன்ன ஆத்திரம், அந்தப் புத்தகத்தில் வந்த வரியைப் படித்த ஆத்திரம். "விடுப்பா. நம்ம ஆளுக பேசுறத நம்ம கேக்க யாருகிட்டக் கேக்கணும்" என்றேன். அவன் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினான். ஒன்றேமுக்கால் மணி நேரப் படம் கீழத்தெரு முழுக்க ஓடியது. திரையின் அடியில் யார் வீட்டு வளைகாப்புக்கோ வாழ்த்து நகர்ந்துகொண்டே இருந்தது. முத்துமாரி பேச ஆரம்பித்ததும் தெருவே சிரித்தது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது. கலையரசியும் சிரித்தாள். அந்த இடம் முடிந்ததும் இன்னொரு தடவை என்று கேட்டாள். நான் போன் செய்து சொல்ல, சுந்தரம் திருப்பிப் போட்டான். அப்படித் திருப்பிப் போட்டதைத்தான் யாரோ டிவியிலிருந்து போனில் பிடித்துத் திருப்பூரில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பி, அது பேஸ்புக்குக்குப் போய், கேபிள் சேனல் பெயரோடு விழாக்காரர்கள் கண்ணில் பட்டது.

நீ போன் செய்து, எம்மா எப்படி வெளியே போச்சு என்று அலறினாய். எனக்குத் தெரியாது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது. நீ இங்கே படத்தின் உரிமையை வைத்திருக்கிற சென்னைக் கம்பெனிக்காரர்களிடம் சொன்னாய், அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். சுந்தரத்தை இரண்டு தடவை ஸ்டேசனுக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்த பெட்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். பத்து நாளாக ஊரில் கேபிள் இல்லை. சுந்தரம் மச்சினனோடு சேர்ந்து லோடு ஏற்றப் போகிறான். நான் அவன் வீட்டுக்குப் போனேன். கையெடுத்துக் கும்பிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் அவன் சொன்னான், "உங்க பேரச் சொல்லல டீச்சர். நானாத்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். தம்பி வெளிநாட்டுல வேலை பாத்துட்டு இருக்கான், நம்மளால அவனுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுல்ல." அவன் மனைவி எனக்குக் காபி கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

நசீம் சாரின் நஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. இந்தப் போட்டியில் ஏதாவது கிடைத்தால்தான் அடுத்த படத்துக்கு மேசைக்காரர்கள் முகம் கொடுப்பார்கள் என்று நீ சொன்னாய். இரண்டு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை என்றும் சொன்னாய். அவர் படம் எடுத்தது ஊருக்காகவும் இல்லை, விழாவுக்காகவும் இல்லை, அவர் அப்பாவின் புருவத்துக்காக. அந்த மனிதரின் வயிற்றில் நான் அடித்துவிட்டேன். நான் செய்தது சரி என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் சொல்லவில்லை என்பதை அவருக்குச் சரியாக மொழிபெயர்த்துச் சொல். விழாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தப்பு செய்தது கிழவி ஒருத்தி, டைரக்டர் இல்லை, ஒலி பிடித்த பையனும் இல்லை. அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டால் நன்றி சொல்வேன். விடவில்லை என்றால் அது அவர்கள் சட்டம், நான் என்ன செய்ய முடியும். ஆனால் படத்தைக் காப்பாற்றுவதற்காக அச்சங்குளத்தில் ஒருவனைத் திருடன் ஆக்க முடியாது. அப்படிக் காப்பாற்றினால், அவரிடம் கதையில் போர் எங்கே என்று கேட்டவர்களுக்கு நாம் ஒரு திருடனையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று பொய் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் எழுதிய வரியை மாற்று. அவள் காய்ச்சலில் செத்தாள் என்று எழுதினால் எந்த விழாவும் கூப்பிடாது என்றால், கூப்பிடாமல் இருக்கட்டும். நசீம் சாரிடம் நீயே உன் வாயால் சொல், நான் சொன்னால் அது கோள் சொன்ன மாதிரி ஆகும். பொங்கலுக்கு வந்தால் சுந்தரம் வீட்டுக்கு நீ தனியாகப் போக வேண்டும், நான் கூட வர மாட்டேன்.

இதைப் போட்டோ எடுத்து இன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு நானும் அப்பாவும் ஸ்டேசனுக்குப் போகிறோம். படத்தைக் கொடுத்ததும் நான், போடச் சொன்னதும் நான் என்று எழுதி வைத்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்பா வேனுக்கு லீவு சொல்லிவிட்டார். புகார் கொடுத்தது உங்கள் பக்கம், அதில் இருப்பது உன் நம்பர் என்பதால், அங்கே இருக்கிற அதிகாரி உனக்குத்தான் போன் செய்வார். இந்தப் புகாரை யார் மேல் மாற்றி எழுதுவது என்று உன்னிடம் கேட்பார். போனை எடு. என் பெயரைச் சொல்.

அம்மா